தொழிலாளர் துறைப் பள்ளிகள் (வட ஆர்க்காடு)

சென்னை மாகாணத்தில் தாழ்த்தப்பட்ட வகுப்பினரின் குழந்தைகளுக்கென்று சர்க்காரின் தொழிலாளர் துறை ஸ்தாபித்து நடத்திய பாடசாலைகள். ஜனங்கள் இவற்றை 'லேபர் பள்ளிக்கூடம்' என்றே அழைத்தனர். இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் என்று வழங்குபவை இவற்றின் வழிவந்தவையே. மாகாணம் முழுவதற்கும் பொதுவான இந்த ஏற்பாடு, காட்பாடியிலிருந்து குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வரை பரந்து கிடக்கும் தோல் தொழில் வட்டாரத்தில் கொண்ட பொருள் தனியானது. ஏனெனில் இங்கே ஒதுக்கப்பட்ட ஜாதியும் உழைக்கும் வர்க்கமும் பெரும்பாலும் ஒரே சேரியில் குடியிருந்தன.

உப்பிட்டு வந்த பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புக் குழியில் இறக்கி, மயிர் சுரண்டி, சவ்வு நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றிலும், பிற்காலத்தில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டைச் சாற்றிலும் பதப்படுத்தி, கடுக்காய் நீரில் முடித்து எடுக்கும் வேலையில், கையும் காலும் வெந்துபோகும் பகுதிகள் அனைத்தும் சேரி மக்களின் பங்காகவே இருந்தன. முதலாளிகளில் பெரும்பாலோர் முஸ்லிம் வணிகர். தோலில் வந்த செல்வத்தைக் கல்விக்குத் திருப்பிவிட்ட பெருமை அவர்களுக்கு உண்டு. 1919இல் தோன்றிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி அதற்குப் போதிய சாட்சி. ஆயினும் குழியில் நின்றவனின் மகனுக்கு உயர்நிலைப் பள்ளி எட்டாத தூரத்தில் இருந்ததற்குக் காரணம் வாசற்கதவு மட்டுமன்று. பத்து வயதுப் பையன் தோல் ஷாப்பிலோ பீடி சுற்றும் திண்ணையிலோ கொண்டுவரும் சில்லறையை நம்பி அடுப்பு எரியும் வீட்டில், பள்ளிக்கூடம் என்பது ஒரு செலவாகவே தோன்றிற்று.

கதவு மூடியிருந்ததும் உண்மையே. ஊர்ப் பள்ளிகள் அக்கிரகாரத்திலும் கோயில் மண்டபத்திலும் சாவடியிலும் நடந்தன. இடம் கொடுத்தவர்கள் சேரிப் பிள்ளைகள் அங்கே காலடி வைக்கச் சம்மதிக்கவில்லை. செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த டிரெமன்ஹீர் 1891இல் பறையர் நிலைமை குறித்து எழுதிய அறிக்கையை அடுத்து, 1893இல், பஞ்சமர் என்று அப்போது வழங்கிய தாழ்த்தப்பட்டோரின் கல்விக்கென அரசாணை பிறந்தது. அதன்பின் எத்தனையோ ஆணைகள் பிறந்தும் கிராமத்தில் ஆணையைவிட வழக்கமே வலிமை பெற்றிருந்தது. இதற்கிடையே சென்னையில் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் 1894இல் பஞ்சமர் இலவசப் பாடசாலையைத் தொடங்கினார். வட ஆர்க்காட்டிலோ 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் நிறுவிய ஆர்க்காடு மிஷன் சேரிதோறும் உபதேசியாரையே உபாத்தியாயராகவும் வைத்து எழுத்தறிவித்தது. மிஷனார் காட்பாடியில் நடத்திய தொழிற்பள்ளி, இரும்பும் மரமும் பழக்கிப் பல குடும்பங்களைத் தோலிலிருந்து விடுவித்தது. அயோத்திதாச பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் கோலார் தங்க வயலில் வேரூன்றியபோது, அங்கே சுரங்க வேலைக்குச் சென்றிருந்த வட ஆர்க்காட்டார் விடுமுறையில் ரயிலேறி ஊர் திரும்புகையில் பண்டிதரின் பத்திரிகையையும் படிப்பின் ஆசையையும் கூடவே கொண்டுவந்தனர். சர்க்கார் விழிப்பதற்கு முன்பே இவர்கள் விழித்துவிட்டார்கள் என்பதைச் சரித்திரம் எழுதுவோர் பலர் மறந்துவிடுகிறார்கள்.

1920ஐ ஒட்டித் தொழிலாளர் கமிஷனர் பதவி உண்டாக்கப்பட்டு, தாழ்த்தப்பட்டோரின் முன்னேற்றம் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. வீட்டு மனை, குடிநீர்க் கிணறு, கூட்டுறவுச் சங்கம், பாடசாலை, உபகாரச் சம்பளம், விடுதி ஆகியவை அவருடைய பொறுப்புகள். 1922இல் சட்டசபையில் தாழ்த்தப்பட்டோரின் தலைவர் எம். சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாக 'ஆதிதிராவிடர்' என்னும் பெயர் அரசாங்க ஏடுகளில் ஏறியது. துறை நிறுவிய பாடசாலைகள் பெரும்பாலும் ஓர் ஆசிரியரோ இருவரோ உள்ள ஆரம்பப் பள்ளிகள். சேரிக்குள்ளேயே ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை, மணலில் விரலால் எழுதும் சிறுவர்கள். ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை அதற்கப்பால் போக வேண்டுமானால், ஊருக்கு நடுவேயிருந்த போர்டு பள்ளிக்கோ மிஷன் பள்ளிக்கோதான் போக வேண்டும். அங்கேதான் படிப்பு பெரும்பாலும் நின்றுபோயிற்று.

ஆகையால் இச்சமூகத்தின் உயர்நிலைப் பள்ளியின் சரித்திரம் உண்மையில் விடுதியின் சரித்திரமாகும். நகரத்தில் சோறும் படுக்கையும் கிடைத்த பையனே ஆறாம் பாரம் (பள்ளி இறுதி வகுப்பு) வரை தாக்குப்பிடித்தான். அவ்வாறு தேறியவர்களுக்கு 1944இல் இந்திய சர்க்கார் ஆரம்பித்த மேற்படிப்பு உபகாரச் சம்பளம் கல்லூரி வாசலையும் திறந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1949இல் அரிஜன நலத்துறை தனியாகப் பிரிந்தபோது பள்ளிகளும் விடுதிகளும் அதன்பாற் சென்றன. சில ஆரம்பப் பள்ளிகள் நடுநிலைப் பள்ளிகளாகவும் உயர்நிலைப் பள்ளிகளாகவும் படிப்படியாக உயர்த்தப்பட்டன.

அந்தக் காலத்தில் இவ்வட்டாரத்தை நேராகத் தொட்ட ஒரு விவாதத்தைக் குறிப்பிடாமல் விட முடியாது. 1953இல் ராஜாஜி அரசு கொணர்ந்த மாற்றுக் கல்வித் திட்டம், கிராமப் பிள்ளைகள் நாளைக்கு மூன்று மணி நேரம் பள்ளியிலும் மிச்ச நேரம் தகப்பன் தொழிலிலும் பழக வேண்டும் என்றது. தச்சன் மகனுக்கு அது உளியாக இருக்கலாம். பேரணாம்பட்டுச் சேரிப் பையனுக்கு அது சுண்ணாம்புக் குழியன்றி வேறென்ன? குலக்கல்வி என்று தூற்றப்பட்ட அத்திட்டம் 1954இல் கைவிடப்பட்டது. அதைக் கைவிட்ட காமராஜர் சட்டசபைக்கு வந்தது அவ்வாண்டு குடியாத்தம் இடைத்தேர்தலில் என்பது இவ்வட்டாரத்தார் இன்றும் சொல்லி மகிழும் செய்தி. 1956இல் மதிய உணவும், பின்னர் உயர்நிலைப் பள்ளி வரை இலவசக் கல்வியும் வந்தபோது, பிள்ளையின் கூலியைக் கணக்குப் பார்த்த வீட்டிலும் கணக்கு மாறத் தொடங்கிற்று.

நிருவாகத்தில் இப்பள்ளிகளுக்கு ஒரு விசித்திரம் உண்டு. பாடமும் பரீட்சையும் கல்வித் துறையைச் சேர்ந்தவை. சம்பளம், மாற்றல், கட்டடம் ஆகியவையோ மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலர், தனி வட்டாட்சியர் முதலிய வருவாய்த் துறைப் பின்னணியுடைய அதிகாரிகளின் கையில் உள்ளவை. நிலப்பட்டா பார்த்துப் பழகிய கண் வகுப்பறையைப் பார்க்கும்போது ஓட்டை ஓடு தெரியும், பாடம் தெரியாது. ஆசிரியர்களே விடுதிக் காப்பாளர்களாகவும் அனுப்பப்படுவதால், அரிசி மூட்டை எண்ணும் வேலையில் கழிந்துபோன நல்லாசிரியர்கள் பலர்.

2023-24ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் உட்படப் பல துறைகளின் பள்ளிகளும் பள்ளிக் கல்வித் துறையின்கீழ் கொண்டுவரப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. ஒதுக்கிவைத்த சுவர் இதனால் இடியும் என்று வரவேற்றவர்களும், சேரிக்கென்று தேடிய நிலமும் பணியிடமும் பொதுக்கணக்கில் கரைந்துவிடும் என்று எதிர்த்தவர்களும் அதே சமூகத்தில் இருந்தனர். எதிர்த்தவர்களின் அச்சத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. விடுதிகளைப் பொறுத்தவரை, 2025 ஜூலையில் அரசின் நலத் துறைகள் நடத்தும் மாணவர் விடுதிகள் அனைத்துக்கும் 'சமூகநீதி விடுதி' என்ற பெயர் சூட்டப்பட்டது.