கிளைக்கோல்

கிளைக்கோல் என்று கைத்தொழிலில் பெரும்பாலும் சொல்லப்படுவது எதிலீன் கிளைக்கோல். நிறமற்றது, பாகுபோல் தடித்தது, இனிப்பானது, நஞ்சு. 1856இல் பிரெஞ்சு வேதியியலாளர் வூர்ட்ஸ் இதை முதன்முதலில் ஆக்கினார். முதலாம் உலகப் போரில் வெடிமருந்துக்கான கிளிசரினுக்குத் தட்டுப்பாடு வந்தபோதே ஜெர்மனி இதைப் பெரிதாகக் கையிலெடுத்தது. 1927இல் அமெரிக்காவில் 'பிரஸ்ரோன்' என்ற பெயரில் வாகன உறைதடுப்பியாகச் சந்தைக்கு வந்தது.

தண்ணீர் உறையும் குளிர் இலங்கையின் வன்னியில் இல்லை. ஆனாலும் இங்கே அதற்கு வேலை உண்டு. பாதிக்குப் பாதி கலந்த நீர் -37 பாகை செல்சியஸ் வரை உறையாது; அதே கலவை கொதிக்க ஏறத்தாழ 107 பாகை வேண்டும். றேடியேற்றர் மூடியின் அழுத்தம் அதை இன்னும் உயர்த்தும். ஏ9 வீதியில் வெயிலோடு ஓடும் பஸ்ஸுக்கும், கிளிநொச்சி வயலில் சேற்றுழவு செய்யும் உழவு இயந்திரத்துக்கும் தேவைப்படுவது இந்த இரண்டாவது குணமே. றேடியேற்றருக்குள் ஊற்றும் இந்தக் கிளைக்கோல் கலவையான கூலன்ரில் சேர்த்துள்ள துருத்தடுப்பிகளும் அதற்கு ஈடான பயனுடையவை. வெறும் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றிவந்தால் உப்புப் படிந்து குழாய் அடைபடும், உலோகம் அரிபடும்.

எரிவாயுத் தொழிலில் கதை வேறு. குழாய்களை அடைப்பது பனிக்கட்டி என்றே பலர் எண்ணியிருந்தனர். 1934இல் ஹாமர்ஷ்மித் அது வாயு ஐதரேற்று எனக் காட்டினார்: நீர் மூலக்கூறுகள் கூடுகட்டி மெதேனைச் சிறைப்பிடித்த திண்மம். அழுத்தம் கூடினால் பூச்சியம் பாகைக்கு மேலேயும் அது உருவாகும். கிளைக்கோலைக் குழாயில் செலுத்தினால் நீர் அதனோடு பிணைந்துவிடும்; கூடு கட்டாது. கரையில் நீரைக் காய்ச்சி நீக்கி, கிளைக்கோலைத் திரும்பப் பயன்படுத்தலாம். ஆந்திரக் கரைக்கு அப்பால் கே.ஜி. டி6 ஆழ்கடல் வயலில் இந்த முறை நடைமுறையில் உள்ளது.

வன்னித் தேர்தல் மாவட்டத்துக்குள் அடங்கும் மன்னாரின் கடலிலும் இந்தத் தேவை வரக்கூடும். 1974இல் மன்னாரின் பேசாலையில் எண்ணெய் தேடித் துளையிட்டார்கள். 2011இல் கெயார்ன் லங்கா நிறுவனம் மன்னார்க் கடலில் 'டொராடோ', 'பரகூடா' கிணறுகளில் இயற்கை வாயுவைக் கண்டது. டொராடோவில் கடலாழம் 1,300 மீற்றருக்கு மேல். அந்தக் கடலடிக் குளிரும் அழுத்தமும் ஐதரேற்றுக்கு வாய்ப்பானவை. வாயு இன்னும் வணிகமுறையில் எடுக்கப்படவில்லை. எடுக்கும் நாளில், ஊர்ப் பிள்ளைகள் கற்கவேண்டிய தொழில்களில் கிளைக்கோலைச் செலுத்தி மீட்கும் இந்த வேலையும் ஒன்று.

உடலில் கிளைக்கோல் ஒட்சாலிக் அமிலமாக மாறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மிஞ்சிய கூலன்ரைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை குடித்துவிட்டால், அறிகுறிக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.