டிஜிட்டல் கேமராவுக்குள் மின்பங்கீடு: 1975 முதல் 2018 வரை

டிஜிட்டல் கேமராவின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மெகாபிக்சல் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். பேட்டரியின் மின்சாரம் உள்ளே எப்படிப் பங்கிடப்பட்டது என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. கேமரா சட்டைப்பைக்குள் அடங்கியதில் அந்தப் பங்கீட்டுக்குப் பெரும் பங்கு உண்டு.

1975 டிசம்பரில் ஈஸ்ட்மன் கோடக் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் இயக்கிக் காட்டிய கருவியின் எடை சுமார் 3.6 கிலோ. உள்ளே 16 நிக்கல்-காட்மியம் செல்கள். எடுத்ததோ 100க்கு 100 புள்ளிப் படம். அதைக் கேசட் நாடாவில் பதிய 23 விநாடி ஆனது. அதிலிருந்த சி.சி.டி. சென்சார், ஒளி உண்டாக்கிய மின்னூட்டத்தை வரிசை வரிசையாக நகர்த்தி ஓரத்துக்குக் கொண்டுவரும் வகை. நகர்த்துவதற்கு வெவ்வேறு மின்னழுத்தங்கள் மாறி மாறி வேண்டும். பின்னாளில் கடைக்கு வந்த கேமராக்களின் சி.சி.டி.க்களுக்குக்கூட +15 வோல்ட் அளவிலும் -7 வோல்ட் அளவிலும் தனித்தனி மின்வழிகள் தேவைப்பட்டன.

1995இல் வந்த கேசியோ கியூவி-10, நான்கு ஏஏ செல்களில் ஓடியது. ஏஏ செல்களில் ஓடிய கேமராக்களை வைத்திருந்தவர்களுக்கு ஒரு புதிர் நினைவிருக்கும். கேமரா 'தீர்ந்துவிட்டது' என்று கைவிட்ட அல்கலைன் செல்லைச் சுவர்க் கடிகாரத்தில் போட்டால் மாதக்கணக்கில் ஓடும். செல்லில் மின்சாரம் இருந்தது. வேகமாகக் கொடுக்கத்தான் அதனால் முடியவில்லை. திரை, லென்ஸ் மோட்டார், ஃப்ளாஷ் மூன்றும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது, செல்லின் உள்மின்தடையால் மின்னழுத்தம் கணநேரம் சரியும். அந்தச் சரிவைக் கண்டதும் காவல்சுற்று கேமராவை அணைத்துவிடும். நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல் 1.2 வோல்ட்தான் என்றாலும் உள்மின்தடை குறைவென்பதால் இந்தச் சுமையைத் தாங்கியது.

வடிவமைப்பாளர்கள் கண்ட தீர்வு முறைவைத்துக் கொடுப்பது. ஃப்ளாஷின் மின்தேக்கி ஏறத்தாழ 300 வோல்ட்டுக்கு ஏறும்வரை பல சிறிய கேமராக்களில் திரை இருண்டிருக்கும். அதைப் பழுதென்று எண்ணியவர்கள் உண்டு. என் பார்வையில், அக்காலப் பொறியியலின் மிகச் சிறந்த சிக்கனம் அதுதான்.

அடுத்த திருப்பம் சென்சாரிலேயே நிகழ்ந்தது. 1990களின் தொடக்கத்தில் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் எரிக் ஃபாஸம் குழுவினர், விண்கலங்களுக்குக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் கேமரா வேண்டி, ஒவ்வொரு புள்ளியிலும் பெருக்கி கொண்ட சீமாஸ் சென்சாரை உருவாக்கினர். மின்னூட்டத்தைச் சில்லு முழுக்க நகர்த்தும் வேலையும், அதற்கான உயர் மின்னழுத்தமும் தேவையற்றுப் போயின. 2000இல் கேனான் டி30 இந்த வகைச் சென்சாரோடு வந்தது. 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம்-அயான் பேட்டரியும் இதற்குத் துணைநின்றது. ஆனால் அதன் ஒரு செல் 4.2 வோல்ட்டில் தொடங்கி 3 வோல்ட் வரை இறங்கும். சில்லுகள் கேட்கும் 3.3 வோல்ட் அதற்கு நடுவே இருப்பதால், முதலில் குறைத்தும் பிறகு உயர்த்தியும் கொடுக்கும் சுற்று வேண்டியிருந்தது.

கண்ணாடியில்லா (மிரர்லெஸ்) கேமராக்கள் வந்தபின் நிலைமை மீண்டும் மாறியது. காட்சியைப் பார்க்கும் நேரமெல்லாம் சென்சாரும் திரையும் விழித்திருக்க வேண்டும். 2013இன் சோனி ஏ7, 7.3 வாட்-மணி பேட்டரியில் சுமார் 340 படம் எடுத்தது. 2018இன் ஏ7 மூன்றாம் பதிப்பு 16.4 வாட்-மணியில் 710 எடுத்தது. வகுத்துப் பார்த்தால் ஒரு வாட்-மணிக்கு முன்னதில் ஏறத்தாழ 47 படம், பின்னதில் 43. வளர்ந்தது பேட்டரிதான், ஒரு படத்துக்கான மின்செலவு குறையவில்லை.