ஈம் கிராமத்துத் தேவாலயம்

இங்கிலாந்தின் டார்பிஷயர் மலைநாட்டில் ஈம் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூர்த் தேவாலய முற்றத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட கற்சிலுவை ஒன்று நிற்கிறது. ஆயினும், அத்தேவாலயத்தை நாம் இங்கு நினைவுகூர்வது அதன் தொன்மை கருதியன்று.

1665-ஆம் ஆண்டு லண்டன் மாநகரைக் கொள்ளைநோய் வாட்டியது. அங்கிருந்து தையற்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்த துணிப்பொதியோடு அந்நோய் ஈமுக்கும் வந்தது என்பர். மறுஆண்டு கோடையில் அது முற்றவே, பாதிரியார் வில்லியம் மாம்பெசனும், முன்னர் அப்பதவி வகித்த தாமஸ் ஸ்டான்லியும், ஓடிப்போனால் நோய் அண்டை ஊர்களுக்கும் பரவும் என்று ஊராருக்கு எடுத்துரைத்தனர். ஊர் எல்லையைக் கடப்பதில்லை என மக்கள் இசைந்தனர்.

தேவாலயம் மூடப்பட்டது, வழிபாடு வெட்டவெளியில் நடந்தது. எல்லைக்கல்லின் குழிகளில் புளிக்காடியில் நனைத்த காசுகளை இட்டு, அயலூரார் கொணர்ந்த உணவைப் பெற்றனர். இறந்தோரை அவரவர் குடும்பத்தாரே வயலிலும் தோட்டத்திலும் புதைத்தனர். எலிசபெத் ஹான்காக் என்னும் பெண்மணி எட்டே நாட்களில் கணவரையும் ஆறு மக்களையும் தம் கையாலேயே அடக்கம் செய்தார்.

பாதிரியாரின் மனைவி கேதரின் 1666 ஆகஸ்டில் மாண்டார். அவர் கல்லறை தேவாலய முற்றத்தில் இருக்கிறது. மற்றவருள் மிகப் பலருக்கு அம்மண்ணில் இடம் கிட்டவில்லை. நோய் தணிந்தபோது இறந்தோர் ஏறக்குறைய 260 பேர். அவர்தம் பெயர்கள் இன்று தேவாலயத்தினுள் எழுதி வைக்கப்பட்டுள்ளன. ஆண்டுதோறும் ஆகஸ்டு இறுதி ஞாயிறன்று நினைவு வழிபாடும் நடைபெறுகிறது.

வேந்தர்க்கும் படைத்தலைவர்க்கும் எழுந்த நினைவுச் சின்னங்கள் உலகில் பல. அயலூரார் பிழைக்கத் தம் ஊரிலேயே தங்கி மாண்ட எளியோரின் பெயர்ப்பட்டியல் முன்னும் நாம் தலைவணங்கி நிற்கிறோம்.