முட்டைக்குள்ள போன ஊசி

1997 டிசம்பர் கடைசியில் ஹொங்கொங்கில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளைக் கொல்லத் தொடங்கினார்கள். எச்5என்1 தொற்றில் 18 பேர் பாதிக்கப்பட்டு 6 பேர் இறந்தார்கள். அதுக்குப் பிறகு பறவைக்காய்ச்சல் எண்டாலே பெரும்பாலான நாடுகளுக்குத் தெரிந்த வழி கூண்டோடு அழிப்பதுதான்.

ஆனா வேறொரு வழிக்கான ஊசி அதுக்கு 15 வருசம் முதலே இருந்தது. 1982 இல் அமெரிக்காவில் ஷர்மா, பேர்மெஸ்டர் எண்ட இருவர், அடைவைத்த 18ஆம் நாள் முட்டைக்குள்ளேயே தடுப்பூசி போட்டு, கோழிகளுக்கு வரும் மாரெக் நோயைத் தடுத்துக் காட்டினார்கள். குஞ்சு பொரிக்க 21 நாள். வெளியில வந்த பிறகு ஒவ்வொன்றாய்ப் பிடித்துக் குத்தத் தேவையில்லை. 1992 இல் அதற்கென்று இயந்திரமும் சந்தைக்கு வந்தது.

அந்தத் தடுப்பூசியில் இருந்தது கோழிக்கு நோய் தராத ஒரு வான்கோழி வைரஸ். பிறகு அதற்குள்ளேயே பறவைக்காய்ச்சலின் எச்5 மரபணுவையும் செருகினார்கள். ஒரே ஊசி, இரண்டு நோய்.

பிறகேன் எல்லாரும் போடவில்லை? வர்த்தகம்தான். தடுப்பூசி போட்ட கோழி நோய்க்குறி காட்டாமலே வைரஸைப் பரப்பலாம் எண்டு வாங்கும் நாடுகள் பயப்படுகின்றன. அந்தப் பயம் முழுப் பொய்யுமில்லை. பிரான்ஸ் 2023 ஒக்டோபரில் தாராக்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியதும் அமெரிக்கா அங்கிருந்து வரும் பறவை இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. அதே அமெரிக்காவில் இறைச்சிக்கோழி முட்டைகளில் பெரும்பாலானவைக்கு மாரெக் ஊசி ஓடுடையமுன்னமே போடப்படுகிறது. பறவைக்காய்ச்சலுக்கு அல்ல.