ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ்காரங்க

கேஷுவால்டி வாசல்ல 108 வந்து நின்னா, இறங்குற இ.எம்.டி. தம்பி பி.பி., சேச்சுரேஷன் எல்லாம் சொல்லித்தான் நோயாளிய ஒப்படைப்பார். இந்த வேலைய ஆரம்பத்துல செஞ்சு காட்டினவங்க கதை கொஞ்சம் சொல்றேன்.

1960கள்ல அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்ல அவசரம்னு கூப்பிட்டா போலீஸ் வேன்தான் வரும். நோயாளிய பின்னாடி போட்டுட்டு ரெண்டு போலீஸும் முன்னாடி உக்காந்துப்பாங்க. வேற ஊர்கள்ல சவ அடக்கம் செய்ற கம்பெனி வண்டியே ஆம்புலன்ஸ்! (படுக்க வைக்க இடம் அதுலதானே இருந்துச்சு.)

1966ல முன்னாள் கவர்னர் டேவிட் லாரன்ஸ் கூட்டத்துல மயங்கி விழுந்தார். அவருக்கும் போலீஸ் வேன்தான். ஆஸ்பத்திரில இதயம் துடிச்சது, மூளை மீளல. அதே வருஷம் மயக்கவியல் டாக்டர் பீட்டர் சஃபார் தன் மகளை ஆஸ்துமாவுக்குப் பறிகொடுத்தார்.

1967ல ஹில் டிஸ்ட்ரிக்ட்ங்கிற கறுப்பின மக்கள் பகுதில வேலையில்லாம இருந்தவங்களை சேர்த்து, சஃபார் பயிற்சி திட்டம் போட்டார். சுமார் 300 மணி நேரம்: உடற்கூறு, சி.பி.ஆர்., பிரசவம் வரைக்கும். பள்ளிப் படிப்பை முடிக்காதவங்களும் அதுல இருந்தாங்க. 1974ல வந்த டாக்டர் நான்சி கரோலின் இவங்களோட வண்டிலயே போவார். ட்ரிப், மூச்சுக்குழாய்ல டியூப், எல்லாமே தெருவுலயே நடந்துச்சு. நாட்டுக்கே பாராமெடிக் பாடத்திட்டம் இங்கிருந்துதான் உருவாச்சு.

1975ல நகராட்சி சொந்தமா சர்வீஸ் தொடங்கி இவங்களை மூடிடுச்சு. வேலைல எடுத்துக்கிட்டவங்களையும் அனுபவமில்லாத வெள்ளையர்களுக்குக் கீழ போட்டாங்க. நிறைய பேர் வெளியேறிட்டாங்க.

எனக்கு எம்.பி.பி.எஸ்.ல சி.பி.ஆர். சொல்லிக்குடுத்தப்போ சஃபார் பேர் வந்துச்சு. ஃப்ரீடம் ஹவுஸ் பேர் வரல.