மலை யாருக்குச் சொந்தம்?



நான்காம் ஆண்டு மாணவர்களுக்குப் பருவகாலங்களைப் பற்றிக் கற்பித்தபோது, பனி மூடிய மலையொன்றில் மக்கள் சறுக்கி விளையாடும் படத்தைக் காட்டினேன். பனியைக் கண்ணால் கண்டிராத பிள்ளைகள் வியந்து பார்த்தனர். ஒரு மாணவன் மட்டும், "டீச்சர், அந்த மலை யாருக்குச் சொந்தம்?" என்று கேட்டான். அன்று என்னிடம் விடையில்லை. பிறகு அதனைத் தேடிப் படித்தபோதுதான் அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்திலுள்ள மேட் ரிவர் க்ளென் என்னும் சிறிய பனிச்சறுக்கு மையத்தின் வரலாற்றை அறிந்தேன். உடைமை என்பது ஓர் இடத்தின் பண்பாட்டை எவ்வாறு உருவாக்குகிறது என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

தோற்றம்

இம்மையத்தை நிறுவியவர் ரோலண்ட் பால்மெடோ. நியூயார்க் நகரில் முதலீட்டுத் துறையில் பணியாற்றிய இவர், பனிச்சறுக்கில் பெரும் ஈடுபாடு கொண்டவர். வெர்மாண்டின் ஸ்டோவ் நகரில், மான்ஸ்ஃபீல்டு மலையில் 1940-ஆம் ஆண்டு நாற்காலி ஏற்றி அமைக்கப்பட்டதிலும் இவருக்கு முக்கியப் பங்குண்டு. போருக்குப் பின்னர் ஸ்டோவ் பெரிய வணிகத் தலமாக வளரத் தொடங்கியது. அவ்வளர்ச்சி அவருக்கு உவப்பளிக்கவில்லை. பனிச்சறுக்கு மையம் வெறும் வாணிகக் கூடமாகவோ கேளிக்கைப் பூங்காவாகவோ ஆகிவிடக்கூடாது. விளையாட்டை நேசிப்போர் கூடும் இடமாக அது விளங்க வேண்டும் என்பதே அவரது கொள்கை.

அக்கொள்கையின் வடிவமாக ஃபேஸ்டன் என்னும் சிற்றூரில் 1948-ஆம் ஆண்டின் இறுதியில் மேட் ரிவர் க்ளென் திறக்கப்பட்டது. கெந்திங் மலைக்குச் செல்லும் கேபிள் காரை நம் பிள்ளைகள் அறிவர். அதில் பலர் அமரக்கூடிய அறை இருக்கும். இங்கோ, கம்பிவடத்தில் தொங்குவது ஒருவர் மட்டுமே அமரக்கூடிய நாற்காலி. குளிர்காற்றில் தனியே அமர்ந்து மலையுச்சிக்குச் செல்ல வேண்டும். சறுக்குப் பாதைகளும் மலையின் இயல்பான வளைவுகளுக்கு ஏற்பவே வெட்டப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழப் பாதி, தேர்ந்தவர்களுக்கு மட்டுமே உரியவை. "முடிந்தால் சறுக்கிப் பார்" என்னும் பொருள்படும் அம்மையத்தின் முழக்கவரி அப்பகுதியில் பெயர்பெற்றது.

கைமாறிய உடைமை

1972-ஆம் ஆண்டு பால்மெடோ இம்மையத்தை ட்ரக்ஸ்டன் பிராட் தலைமையிலான குழுவினருக்கு விற்றார். சில ஆண்டுகளிலேயே பிராட் காலமானார். பொறுப்பு அவர்தம் துணைவியார் பெட்சி பிராட் அம்மையாரின் தோளில் விழுந்தது. சுற்றியிருந்த மையங்கள் செயற்கைப் பனிக்கருவிகள், பெரிய ஏற்றிகள், தங்கும் விடுதிகள் எனப் பெருகிய காலத்தில், அவர் பழைய முறையையே காத்துவந்தார்.

ஆயினும் ஒருவர் உள்ளவரை மட்டுமே காக்கப்படும் பண்பாடு நிலையானதன்று. வாங்குபவர் எவரோ, அவர் விருப்பமே அம்மலையின் எதிர்காலம் ஆகிவிடும். இதனை உணர்ந்த அம்மையார், மையத்தை அங்குச் சறுக்குவோரிடமே ஒப்படைக்க முன்வந்தார். 1995-ஆம் ஆண்டு டிசம்பரில் மேட் ரிவர் க்ளென் கூட்டுறவு அமைப்பு அதனை 25 இலட்சம் டாலருக்குப் பெற்றுக்கொண்டது. ஒரு பங்கின் விலை 1,500 டாலர். அக்கணக்கின்படி 1,667 பங்குகள் விற்றாக வேண்டும். ஆசிரியர், தச்சர், வணிகர் எனப் பலதரப்பட்டோரும் சேர்ந்தாலன்றி இது கைகூடாது. அவ்விலக்கு எட்டப்பட்டது.

கூட்டுறவின் விதிகள்

இங்குக் கவனிக்கத்தக்கவை மூன்று. முதலாவது, ஒருவர் எத்தனை பங்கு வைத்திருப்பினும் அவருக்கு ஒரு வாக்குதான். பங்குகளைக் குவித்து மலையைத் தன்வயப்படுத்த எவராலும் இயலாது. இரண்டாவது, பங்கு வாங்கியதோடு கடமை முடிவதில்லை. ஆண்டுதோறும் குறிப்பிட்ட ஒரு தொகைக்கு நுழைவுச்சீட்டு முதலியவற்றை உறுப்பினர் முன்கூட்டியே வாங்க வேண்டும். மூன்றாவது, கூட்டமின்மை, இயற்கையான மலையமைப்பு, நட்பார்ந்த சூழல் ஆகியவற்றைப் பேணுவதே அமைப்பின் நோக்கமாக எழுதி வைக்கப்பட்டது. எனவே எது இலாபம் என்பதோடு, எது நோக்கத்திற்குப் பொருந்தும் என்பதையும் நிருவாகத்தினர் எண்ணிப் பார்த்தாக வேண்டும்.

இவ்விதிகளுக்கு வந்த பெருஞ்சோதனை அந்த ஒற்றை நாற்காலிதான். அரை நூற்றாண்டைக் கடந்த ஏற்றியை அப்படியே விட இயலாது. இருவர் அமரும் புதிய ஏற்றியை அமைத்தால் காத்திருக்கும் நேரம் குறையும்; வருமானமும் கூடும். ஆனால் ஒரே நேரத்தில் மலையில் இறங்குவோர் தொகையும் பெருகும். பெரும்பாலும் இயற்கைப் பனியையே நம்பியிருக்கும் மலையில், கூட்டம் மிகுந்தால் பனி விரைவில் தேய்ந்துவிடும். உறுப்பினர்கள் இதனை விவாதித்து, பழைய ஏற்றியைப் புதுப்பிப்பது என்றே முடிவெடுத்தனர். வெர்மாண்ட் மரபுக் காப்பு அறக்கட்டளையின் துணையோடு நன்கொடை திரட்டி, ஏறத்தாழ 17 இலட்சம் டாலர் செலவில் 2007-ஆம் ஆண்டு அப்பணி நிறைவேறியது. 2012-ஆம் ஆண்டு இம்மையம் அமெரிக்காவின் வரலாற்றுச் சிறப்புமிக்க இடங்களின் தேசியப் பதிவேட்டிலும் இடம்பெற்றது.

இதே காலத்தில் அண்டை மையங்களின் வரலாறு வேறு திசையில் சென்றது. பால்மெடோ விட்டு நீங்கிய ஸ்டோவ் மலையை வெய்ல் நிறுவனம் 2017-ஆம் ஆண்டு 5 கோடி டாலருக்கு வாங்கியது. அதே பள்ளத்தாக்கில் உள்ள சுகர்புஷ் 2020-ஆம் ஆண்டு அல்டெரா நிறுவனத்தின் கைக்குச் சென்றது. அவை தீமை என்று சொல்லிவிட முடியாது. வசதிகளுக்கும் முதலீட்டிற்கும் அங்குக் குறைவில்லை. ஆனால் முடிவெடுப்போர் தொலைவில் இருக்கின்றனர்.

மறுபக்கம்

வரலாற்றைக் கற்பிக்கும்போது நிறையை மட்டும் கூறுதல் நேர்மையாகாது. ஒற்றைப் பலகையில் சறுக்கும் ஸ்னோபோர்டு விளையாட்டிற்கு இம்மலையில் இடமில்லை. பெட்சி பிராட் அம்மையார் காலத்துத் தடையைக் கூட்டுறவும் தொடர்ந்து வருகிறது. அமெரிக்காவில் இத்தடையுள்ள மற்ற இரு மையங்கள் யூட்டா மாநிலத்தின் ஆல்டா, டியர் வேலி ஆகியவை. உள்ளிருப்போர் அனைவரும் சமம் என்னும் அமைப்பு, வெளியிலிருந்து வரும் இளையோரைத் தடுத்து நிறுத்துகிறது. தம் பண்பாட்டைக் காப்பதற்கும் பிறரை ஒதுக்குவதற்கும் இடையேயான கோடு எங்குள்ளது? வாக்கெடுப்பால் மட்டும் இவ்வினா தீர்ந்துவிடாது. மேலும், குளிர்காலம் வெப்பமடைந்துவரும் இந்நாளில், இயற்கைப் பனியை நம்பியிருப்பது பேரிடர் மிக்க பற்றுறுதியாகும். பனி பொய்த்தால் அந்த இழப்பும் உரிமையாளர்களாகிய உறுப்பினர்களுடையதே.

அந்த மாணவனுக்கு இன்று நான் விடை கூற முடியும். அந்தப் படத்திலுள்ள மலை யாருக்குச் சொந்தமோ அறியேன். ஆனால் அங்கு விளையாடுகிறவர்களுக்கே சொந்தமான மலையும் உலகில் உண்டு. அதற்கு அவர்கள் பணம் கொடுத்தார்கள், கூட்டத்திற்கு வந்தார்கள், தம் விருப்பத்திற்கு மாறான முடிவுகளையும் ஏற்றுக்கொண்டார்கள். "நம்முடையது" என்று ஒன்றைச் சொல்லப் பிள்ளைகளைப் பழக்கும் நாம், அச்சொல்லோடு வரும் கடமையையும் சேர்த்தே கற்பிப்போம். வீட்டில் பெற்றோரும் வகுப்பில் ஆசிரியரும் இவ்வரலாற்றைப் பிள்ளைகளுக்கு ஒரு கதையாகச் சொல்லிப் பாருங்கள். ஸ்னோபோர்டுத் தடை சரியா, தவறா என்று அவர்களையே விவாதிக்கச் செய்யுங்கள். விடை எதுவாயினும், அவ்விவாதம் நல்ல பாடமாக அமையும்.