புதுவைக் கரையும் உயிர்காத்த கட்டுமரமும்



நம் முன்னோருட் பலர் கடல் வாணிகத்தாற் பெருமையுற்றனர் எனப் பல்காலும் பேசி மகிழ்கின்றோம். அப்பெருமை எவர் தோளின்மேல் நின்றது என்பதையும் சிறிது ஆராய்தல் நம் கடனாகும்.

புதுவைக்குக் கடல் உண்டு; பெருங்கப்பல் ஒதுங்கத்தக்க இயற்கைத் துறைமுகம் இல்லை. ஆதலின் பண்டு வந்த கப்பல்கள் கரைக்குத் தொலைவிலேயே நங்கூரமிட்டு நின்றன. இடையே மடிந்து வீழும் அலைகள் ஐரோப்பியர் படகுகளை எளிதில் உடைத்தன. அவ்வலைகளைக் கடக்க வல்லது நம் நாட்டுச் சலங்கு ஒன்றே. அதன் பலகைகள் ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்டமையின், அலை மோதுங்கால் உடையாது வளைந்து கொடுக்கும். துணிப்பொதியும் துரைமாரும் அதிலேயே கரையேறினர்.

சலங்கும் கவிழ்வதுண்டு. அப்பொழுது கைகொடுத்தது கட்டுமரம். நீர் நிறைதற்கு உட்குழிவு இல்லாமையின் அஃது அமிழாது. புரண்டாலும் ஓட்டி மீண்டும் ஏறிக்கொள்வான். சென்னைக் கரையில் மூழ்குவோரை எடுக்கவென்றே சலங்குகளுடன் கட்டுமரங்கள் சென்றன. ஐரோப்பியர் உயிரைக் காத்த கட்டுமரக்காரர் பதக்கமும் பெற்றனர்.

இங்கிலாந்தில் வில்லியம் ஹில்லரி என்பாரின் முயற்சியால் 1824ஆம் ஆண்டிலும், பிரான்சில் 1865ஆம் ஆண்டிலும் உயிர்காப்புப் படகுச் சங்கங்கள் தோன்றின. ஆண்டுச் சிறு துறைமுக ஊர்களில் கரையோரத்தே படகு வீடு அமைத்து, கப்பல் இடருற்றபோது அவ்வூர்ச் செம்படவரே துடுப்பேந்திச் சென்றனர். நம் கரையிலோ படகு வீடு இல்லை. குப்பமே படகு வீடாயிற்று. புதுவையில் 1836ஆம் ஆண்டு கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. விளக்கு வழிகாட்டுமேயன்றி, மூழ்குவோனைத் தூக்குமோ?

கடலின் சீற்றத்திற்கு முன் எவராலும் இயலாத காலமும் உண்டு. 1761ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள், புதுவையை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலக் கப்பற்படையைப் பெரும்புயல் தாக்கிற்று. மூன்று கப்பல்கள் மூழ்கின. சுமார் 1,100 பேர் மாண்டனர். அரியாங்குப்பத்தை அடுத்த கரையில் மோதிய மூன்று கப்பல்களில் இருந்தோரோ பெரும்பாலும் பிழைத்தனர். கரை அணித்தாயிருத்தலே உயிராயிற்று. கரைக்கும் கப்பலுக்கும் இடைப்பட்ட அத்தொலைவிலேதான் நம் படகோட்டிகள் நாடோறும் உயிரைப் பணயம் வைத்துப் பிழைத்தனர் என்பதை எண்ணுமின்!

பின்னர்க் கட்டிய கப்பற்பாலமும் 1952ஆம் ஆண்டுப் புயலில் அழிந்தது. சலங்கும் மறைந்தது. அவ்வறம் மறைந்ததோ எனின், இல்லை. 2018ஆம் ஆண்டு கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, மீனவர் தம் படகுகளை வண்டிகளில் ஏற்றிச் சென்று பல்லாயிரவரை மீட்டனர். சாதி கேட்டு அவர் கை நீட்டினாரல்லர்.

கடற்படைத் தலைவர்களின் பெயரை வரலாறு கூறும். கவர்னர்களின் பெயரைத் தெருக்கள் கூறும். நம் பொதிகளை நனையாமற் கொணர்ந்தாரும், நம்மவரை நீரினின்று எடுத்தாரும் பெயரின்றிப் போயினர். பெயர் அறியோமாயினும் நன்றி அறிதல் கூடும். நம் குலப் பெருமையைச் சிறுவர்க்குச் சொல்லும்போது, குப்பத்தார்க்கு நாம் பட்ட கடனையும் உடன் சொல்லுவோமாக. அதனை மறைத்துச் சொல்லும் பெருமை பாதிப் பொய்யேயாகும்.